அழ. வள்ளியப்பா

அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 - மார்ச் 16, 1989) தமிழில் குழந்தை இலக்கியம் படைத்த கவிஞரும் எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆவார். குழந்தைக் கவிஞர் என்ற அடைமொழியால் பரவலாக அறியப்படுகிறார். குழந்தைகளுக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களையும், பாடல், கதை, கட்டுரை, வாழ்க்கை வரலாறு ஆகிய வகைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களையும் எழுதினார். தென்னிந்திய ஆறுகளைப் பற்றி இவர் எழுதிய நம் நதிகள் என்னும் படநூலை நேஷனல் புக் டிரஸ்ட் 14 மொழிகளில் வெளியிட்டது. 1950 ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் இவரே முதன்மையானவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வங்கி ஊழியராகப் பணியாற்றிக்கொண்டே இப்பணிகளைச் செய்தார். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்பது இவருடைய வாழ்நாளின் இறுதிவரை தொடர்ந்த கோரிக்கை ஆகும்.

பிறப்பும் இளமையும்

வள்ளியப்பா அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த இராயவரம் என்னும் ஊரில் அழகப்பச் செட்டியார், உமையாள் ஆச்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெயரின் முன் உள்ள அழ. என்பது தந்தையின் பெயரைக் குறிக்கும். இராயவரம் இன்று புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் உள்ளது. நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. வானம் பார்த்த நிலமும் கண்மாய்களும் நிறைந்த பகுதி.

தொடக்கக் கல்வியை இராயவரத்தில் உள்ள காந்தி பாடசாலையில் பயின்றார். பின்னர் இராமச்சந்திரபுரம் பூமீசுவரசாமி இலவச உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கடியாபட்டி என்றும் வழங்கும் இவ்வூர் இராயவரத்தை அடுத்து உள்ளது. சிறுவனாக இருந்தபோதே நண்பர்களோடு நடந்து செல்லும் வழியில் கண்ணில் பட்டவற்றைப் பாட்டாகக் கட்டிப் பாடும் பழக்கம் இவருக்கு இருந்தது. நடையின் தாளத்துக்கு இசைந்த, கூட்டமாகச் சேர்ந்து பாடக்கூடிய அடிகள் பின்னாளில் இவருடைய பாடல்களின் பொது இயல்பாக அமைந்தன.

சக்தி அலுவலகத்தில்

1940 ஆம் ஆண்டில் வள்ளியப்பா சென்னைக்கு வந்து சக்தி காரியாலயத்தில் காசாளராகச் சேர்ந்தார். சக்தி இதழையும் பதிப்பகத்தையும் நடத்திய வை. கோவிந்தனும் இராயவரத்தைச் சேர்ந்தவரே. நல்ல நூல்களை மலிவு விலையில் மக்களிடம் கொண்டு சேர்த்த பதிப்பாளர் என்று கோவிந்தன் தமிழ்ப் பதிப்புலக வரலாற்றில் குறிப்பிடப்படுகிறார். குழந்தைகளுக்கான இதழ்களையும் அவர் நடத்தினார்.

அப்போது சக்தி இதழின் ஆசிரியராக இருந்தவர் எழுத்தாளர் தி. ஜ. ரங்கநாதன் (தி. ஜ. ர.) ஆவார். கணக்கு எழுத வந்த இளைஞரிடம் எழுத்தார்வம் இருப்பதைக் கண்டு அவர் ஊக்கம் அளித்தார். வள்ளியப்பாவின் முதல் கதையான ஆளுக்குப் பாதி சக்தி இதழில் வெளிவந்தது. ஒரு நூல் கைப்படியிலிருந்து அச்சேறி விற்பனைக்குச் செல்லும் வரையிலான வேலைகளை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பும் இங்கு இவருக்குக் கிடைத்தது. இந்த அனுபவம் பின்னர் சங்கம் நடத்தியபோதும், இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தபோதும் பயன்பட்டது.

வங்கிப் பணி

1941 ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1982 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை அவ்வங்கியிலேயே பணியாற்றினார். இடையில் சில காலம் தென்மொழிகள் புத்தக டிரஸ்டில் சிறப்பு அலுவலராக இருந்தார். 1955 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட இந்த அமைப்பு தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் குறைந்த விலையில் நூல்கள் வெளிவர உதவியது. ஒரு மொழியில் எழுதப்பட்ட நூல் அண்டை மொழிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

வங்கி வேலை நேரம் போக எஞ்சிய மாலைகளும் விடுமுறை நாள்களுமே இவருடைய இலக்கியப் பணிக்கு உரியனவாக இருந்தன. அக்காலத்தில் குழந்தைகளுக்காக எழுதியவர்களுள் பெரும்பாலோர் இவ்வாறு ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்து ஓய்வு நேரத்தில் எழுதியவர்களே. குழந்தைகளுக்கு எழுதுவதை முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ்வது தமிழில் அரிதாக இருந்தது.

மலரும் உள்ளம்

வள்ளியப்பாவின் முதல் பாடல் தொகுதியான மலரும் உள்ளம் 1944 ஆம் ஆண்டில் 23 பாடல்களுடன் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலமாதலால் தாள் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. பின்னர் 1954 ஆம் ஆண்டில் 135 பாடல்கள் கொண்ட பெருந்தொகுதியாக விரிவடைந்தது. 1961 ஆம் ஆண்டில் மற்றொரு தொகுதி வெளியாயிற்று.

தமிழில் குழந்தைகளுக்கான பாடல்கள் இவருக்கு முன்பே இருந்தன. நாட்டார் வழக்கில் தாலாட்டும் விளையாட்டுப் பாடல்களும் உண்டு. ஔவையாரின் நீதிநூல்கள் பள்ளிக்கூடங்களில் மனப்பாடமாக ஓதப்பட்டன. சுப்பிரமணிய பாரதியார் பாப்பாப் பாட்டையும், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கான பல பாடல்களையும் இயற்றினர். இவர்களுக்குப் பின் வந்த வள்ளியப்பா, பெரியவர்களுக்கான கவிதைகளுக்கு இடையே குழந்தைப் பாடல்களையும் எழுதுவது என்றில்லாமல், குழந்தைகளுக்கு மட்டுமே எழுதுவது என்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

இவருடைய பாடல்களில் பின்வரும் இயல்புகளைக் காணலாம்.

ஒலி: குறுகிய அடிகளும் ஒரே ஓசையில் முடியும் சொற்களும் மிகுதி. தட்டும் லட்டும் இடம்பெறும் இவருடைய பாடலில் ஏறக்குறைய எல்லா அடிகளும் ஒரே ஓசையில் முடிகின்றன. எழுத்தறியாத குழந்தையும் இருமுறை கேட்டால் சொல்லிவிடும்.

பொருள்: வீட்டிலும் தெருவிலும் குழந்தை காணும் பொருள்களே பாடுபொருளாகின்றன. பூனை, நாய், மாம்பழம், பலூன், கடிகாரம், பாட்டி, பள்ளிக்கூடம் முதலியவை திரும்பத் திரும்ப வருகின்றன.

நகைச்சுவை: அறிவுரை நேரடியாகச் சொல்லப்படாமல் வேடிக்கையான ஒரு நிகழ்ச்சியின் முடிவாக வருகிறது. சில பாடல்களில் அறிவுரையே இல்லை.

ஊர்: பழம், பண்டம் ஆகியவற்றைப் பாடும்போது அவற்றுக்குப் பேர்போன ஊரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. மல்கோவா மாம்பழத்தைப் பாடும் பாடலில் சேலமும் வருகிறது. தம் நாட்டின் ஊர்களைக் குழந்தை பாட்டின் வழியே முதலில் அறிமுகம் செய்துகொள்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பாடநூல்களில் இவருடைய பாடல்கள் பல தலைமுறைகளாக இடம்பெற்றுள்ளன. பாடியவர் பெயர் தெரியாமலேயே வழங்கும் பாடல்களும் உள்ளன. சில பாடல்கள் நாட்டார் பாடல்கள் என்றே கருதப்படும் அளவுக்குப் பரவின.

இதழாசிரியர்

1940களிலும் 1950களிலும் தமிழில் சிறுவர் இதழ்கள் பெருகின. சென்னையைப் போலவே புதுக்கோட்டையும் சிறுவர் இதழ்களுக்குப் பேர்போன ஊராக விளங்கியது. வள்ளியப்பா பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை வெவ்வேறு காலங்களில் வகித்தார். இவற்றுட் பல சில ஆண்டுகளே வெளிவந்தன. குறைந்த விலை, விற்பனையைப் பெரிதும் நம்பிய வருவாய், படங்களுக்கான அச்சுக் கட்டை செய்யும் செலவு ஆகியவை சிறுவர் இதழ்களை நீண்ட நாள் நடத்துவதற்குத் தடையாக இருந்தன.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், கல்கி நிறுவனம் 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய கோகுலம் இதழுக்கு 1983 முதல் 1987 வரை கௌரவ ஆசிரியராக இருந்தார். சிறுவர்கள் தாமே எழுதும் ஆக்கங்களுக்கு இதழில் இடம் கிடைக்க வேண்டும் என்பதில் ஆர்வம் காட்டினார்.

குழந்தை எழுத்தாளர் சங்கம்

1950 ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கம் சென்னையில் தொடங்கப்பட்டது. சக்தி வை. கோவிந்தன் அதன் முதல் தலைவராகவும் வள்ளியப்பா செயலாளராகவும் பொறுப்பேற்றனர். பின்னர் வள்ளியப்பா தலைவர் பொறுப்பையும் வகித்தார். தம்பி சீனிவாசன், பூவண்ணன் முதலிய எழுத்தாளர்கள் சங்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தனர்.

சங்கத்தின் முக்கியப் பணிகள் வருமாறு:

குழந்தைகளுக்கான நூல்களை மட்டும் வைத்துப் புத்தகக் கண்காட்சிகள் நடத்துதல்
குழந்தை இலக்கிய மாநாடுகள் கூட்டுதல்
புதிய எழுத்தாளர்களுக்குப் போட்டிகள் வைத்துப் பரிசளித்தல்
குழந்தை எழுத்தாளர்களைப் பற்றிய விவரத் தொகுப்பை வெளியிடுதல்

கடைசியாகக் குறிப்பிட்ட விவரத் தொகுப்பு, குழந்தை எழுத்தாளர் யார் எவர் என்னும் பெயரில் வெளிவந்தது. பெரியவர்களுக்கு எழுதும் எழுத்தாளர்களைப் பற்றி அறிந்துகொள்ள விமரிசன நூல்களும் இலக்கிய வரலாறுகளும் இருந்தன. குழந்தைகளுக்கு எழுதியவர்கள் அந்நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அவர்கள் யார், எந்த ஊரினர், என்னென்ன எழுதினார்கள் என்பதை ஓரிடத்தில் பதிவு செய்தது இத்தொகுப்பின் சிறப்பாகும். பிற்காலத்தில் தமிழ்க் குழந்தை இலக்கிய வரலாற்றை எழுத முற்பட்டவர்களுக்கு இத்தகைய பதிவுகளே அடிப்படையாக அமைந்தன.

நம் நதிகள்

பின்னணி

ஒரு நாட்டின் நிலப்பரப்பைக் குழந்தைகளுக்குக் கதையாகவும் படமாகவும் சொல்லும் நூல்கள் பல நாடுகளில் உண்டு. பின்லாந்தில் சக்கரியாஸ் டொபேலியஸ் தம் நாட்டின் நிலத்தையும் மக்களையும் விவரிக்கும் பள்ளி வாசிப்பு நூலை 1875 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவீடனில் பள்ளி ஆசிரியர்களின் அமைப்பு கேட்டுக்கொண்டதற்கு இணங்க செல்மா லாகர்லோவ், வாத்தின் முதுகில் அமர்ந்து நாடு முழுவதும் பறந்து செல்லும் சிறுவனின் கதையை 1906, 1907 ஆண்டுகளில் எழுதினார். புவியியல் பாடநூலுக்கு மாற்றாகவே அது எழுதப்பட்டது.

தமிழில் பெரியவர்களுக்கான பயண நூல்கள் சிறப்பாக வளர்ந்திருந்தன. செட்டிநாட்டைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் உலகப் பயணங்களைப் பற்றியும், சோமலெ தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் எழுதினர். ஆனால் குழந்தைகளுக்கான வண்ணப் படநூல்கள் மிகக் குறைவு. வண்ண அச்சுக்கு ஆகும் செலவை ஒரு மொழியின் விற்பனை மட்டும் ஈடு செய்ய இயலாது என்பது இதற்கு முக்கியக் காரணம். சோவியத் நாட்டில் தமிழில் அச்சிடப்பட்டு வந்த படநூல்கள் மலிவாகக் கிடைத்தன. அதனால் உருசியப் பனிக்காட்டை வண்ணப் படத்தில் பார்த்த தமிழ்க் குழந்தைக்குத் தன் நாட்டு ஆறுகளை அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு அரிதாக இருந்தது.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் இக்குறையைப் போக்க எடுக்கப்பட்ட பெருமுயற்சிகளுள் ஒன்றாகும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயம் மற்றொன்று.

வெளியீட்டு முறை

நேஷனல் புக் டிரஸ்ட் 1957 ஆம் ஆண்டில் இந்திய அரசால் நிறுவப்பட்டது. அது 1970 ஆம் ஆண்டையொட்டி நேரு பால புஸ்தகாலயம் என்னும் நூல்வரிசையைத் தொடங்கியது. இவ்வரிசையில் ஒரு மொழியில் எழுதப்பட்ட நூல் மற்ற இந்திய மொழிகளிலும் மொழிபெயர்க்கப்படும். எல்லா மொழிப் பதிப்புகளிலும் படங்கள் ஒன்றே; எழுத்து மட்டும் அந்தந்த மொழியில் அமையும். இதனால் ஓவியம், வண்ண அச்சு ஆகியவற்றின் செலவு பல பதிப்புகளுக்குப் பகிர்ந்து, ஒரு படியின் விலை குறைந்தது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வாழும் குழந்தைகள் ஒரே நூலைத் தத்தம் மொழியில் படிக்க வேண்டும் என்பதும் இவ்வரிசையின் நோக்கம். புலக் பிஸ்வாஸ், மிக்கி பட்டேல், ஜகதீஷ் ஜோஷி முதலிய ஓவியர்கள் டிரஸ்டின் சிறுவர் நூல்களுக்குப் படங்கள் வரைந்துள்ளனர்.

இவ்வகை நூலை எழுதுபவர் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும். பக்கத்தின் பெரும்பகுதியைப் படம் எடுத்துக்கொள்வதால் உரை சுருக்கமாக இருக்க வேண்டும். மொழிபெயர்க்கும்போது சொற்கள் நீளக்கூடும் என்பதால் அதற்கும் இடம் விட வேண்டும். ஒரு மொழியின் சொல்விளையாட்டையோ எதுகையையோ நம்பி எழுத இயலாது. பாடலின் ஓசைக்குப் பேர்போன வள்ளியப்பா, ஓசையின் துணை இல்லாமல் எளிய உரைநடையில் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது.

பொருள்

நம் நதிகள் தென்னிந்திய ஆறுகளைப் பற்றியது. இந்தப் பொருள் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அடங்குவதன்று. தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்திருப்பதால், தென்னாட்டின் பேராறுகள் அரபிக் கடலுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றினாலும் கிழக்கு நோக்கி நெடுந்தூரம் ஓடி வங்காள விரிகுடாவில் கலக்கின்றன. கோதாவரி நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் தோன்றி 1,465 கி.மீ. ஓடுகிறது. கிருஷ்ணா மகாபலேசுவரத்தில் தோன்றி ஏறத்தாழ 1,400 கி.மீ. ஓடுகிறது. காவிரி குடகு நாட்டில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடிப் பூம்புகார் அருகே கடலை அடைகிறது. மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் பேசும் மக்கள் ஒரே ஆற்றின் வெவ்வேறு பகுதிகளில் வாழ்கின்றனர்.

இந்நூல்வரிசை தொடங்கிய காலத்தில் தென்னாட்டு ஆற்று நீர் மாநிலங்களுக்கிடையே சிக்கலாக இருந்தது. கிருஷ்ணா, கோதாவரி நீரைப் பங்கிடுவதற்கான தீர்ப்பாயங்கள் 1969 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டன. காவிரி நீர் பற்றிய 1924 ஆம் ஆண்டு உடன்பாட்டின் ஐம்பதாண்டுக் காலம் 1974 ஆம் ஆண்டில் முடிவுறும் நிலையில் இருந்தது. காவிரித் தீர்ப்பாயம் 1990 ஆம் ஆண்டிலேயே அமைந்தது. ஆறுகளைப் பற்றிய ஒரே நூல், ஒரே படங்களுடன், கன்னடக் குழந்தைக்கும் தமிழ்க் குழந்தைக்கும் ஆந்திரக் குழந்தைக்கும் அவரவர் மொழியில் கிடைத்தது என்பதை இச்சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு தன் ஊரில் தொடங்கித் தன் ஊரில் முடிவதில்லை என்பதே இத்தகைய நூலிலிருந்து குழந்தை பெறும் முதல் செய்தி.

இந்நூல் 14 மொழிகளில் வெளியானதால், தமிழில் குழந்தைகளுக்காக எழுதும் ஒருவரின் எழுத்து நாடெங்கும் உள்ள பள்ளி நூலகங்களுக்குச் செல்ல வழி ஏற்பட்டது. பாடல்களால் தமிழ்நாட்டில் அறியப்பட்ட வள்ளியப்பா, பிற மொழியினரிடையே அறிமுகமானதில் இந்நூலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

வறண்ட நிலப்பகுதிகளில்

ஆறுகளைப் பற்றிய படநூலின் பயன் ஆற்றங்கரை ஊர்களைவிட வறண்ட நிலப்பகுதிகளில் கூடுதலாக உணரப்படும். எடுத்துக்காட்டாக விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைக் குறிப்பிடலாம். 1985 ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டம் அமையும்வரை இவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. கரிசல் நிலமும் மானாவாரிப் பயிரும் கண்மாய்ப் பாசனமும் இவ்வட்டாரத்தின் இயல்புகள். இவ்வழியே செல்லும் குண்டாறு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் வரும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகக் காட்சியளிக்கும். இங்கு வளரும் குழந்தை ஆறு என்ற சொல்லைக் கேட்டால் மணலையே நினைத்துக்கொள்ளும். இரு கரையும் நிறைந்து ஓடும் ஆறு, அணை, கழிமுகம், படகுத்துறை ஆகியவை அக்குழந்தைக்குப் பெரும்பாலும் புத்தகத்தின் வழியே தெரிய வேண்டியவை.

1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் தோன்றிய கிளை நூலகங்களும், 1987 ஆம் ஆண்டில் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் கீழ் தொடக்கப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட நூல்களும் சிறுவர் நூல்கள் சிற்றூர்களை அடையும் வழிகளாக இருந்தன.

பிற உரைநடை நூல்கள்

நீலா மாலா, நல்ல நண்பர்கள் ஆகியவை இவர் சிறுவர்களுக்காக எழுதிய நெடுங்கதைகள். தலைவர்கள், அறிஞர்கள் ஆகியோரின் இளமைக் கால நிகழ்ச்சிகளைச் சின்னஞ்சிறு வயதில், பிள்ளைப் பருவத்திலே முதலிய நூல்களில் தொகுத்தார். பெரிய மனிதர்களும் தங்களைப் போலவே அஞ்சியும் தவறு செய்தும் வளர்ந்தவர்கள் என்பதைக் குழந்தைகள் உணரும் வகையில் இந்நூல்கள் அமைந்துள்ளன. மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் பாட்டிலே காந்தி கதை என்னும் பெயரில் செய்யுள் வடிவில் எழுதினார். ஈசாப்புக் கதைகளையும் பாடல்களாக ஆக்கினார்.

விருதுகளும் பட்டங்களும்

இவருடைய நூல்கள் பல நடுவண் அரசு, தமிழ்நாடு அரசு ஆகியவற்றின் பரிசுகளைப் பெற்றுள்ளன. பிள்ளைக் கவியரசு, மழலைக் கவிச்செம்மல் ஆகிய பட்டங்கள் இவருக்கு வழங்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1982 ஆம் ஆண்டில் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்னும் விருது அளித்துச் சிறப்பித்தது.

பல்கலைக்கழகக் கோரிக்கையும் மறைவும்

குழந்தை இலக்கியம் தமிழ் இலக்கியத்தின் ஒரு பிரிவாகக் கருதப்படவில்லை என்பது வள்ளியப்பாவின் நெடுநாளைய மனக்குறை. கல்லூரிகளில் சங்க இலக்கியம், காப்பியம், சிறுகதை, புதினம், புதுக்கவிதை ஆகியவை பாடமாக இருந்தன. குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை, ஆராய வேண்டிய தகுதி இல்லாத எளிய எழுத்து என்று ஒதுக்கப்பட்டன. இதன் விளைவு கல்லூரியோடு நிற்பதில்லை. பள்ளி ஆசிரியராகச் செல்லும் பட்டதாரி குழந்தை இலக்கியத்தைப் படிக்காமலேயே குழந்தைகளுக்குக் கற்பிக்கச் செல்கிறார். எந்த வயதினருக்கு எந்த நூல் ஏற்றது என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை. பாடநூல் தயாரிப்போரும் இவ்வாறே. ஆகவே இத்துறை பல்கலைக்கழகத்தில் இடம்பெற வேண்டும் என்று வள்ளியப்பா பேசியும் எழுதியும் வந்தார்.

1966 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் 1978 ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மதுரை, விருதுநகர் முதலிய மாவட்டங்களின் கல்லூரிகள் இதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. அருப்புக்கோட்டையில் 1970 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லூரிகளும் இவற்றுள் அடங்கும். காரியாபட்டி, திருச்சுழி முதலிய சிற்றூர்களிலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் படிக்க வந்தவர்களுள் பலர் பின்னர் ஆசிரியப் பணிக்குச் சென்றனர். ஆதலால் இப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் ஏற்படும் மாற்றம் தென்மாவட்டச் சிற்றூர்ப் பள்ளிகளில் எதிரொலிக்கக் கூடியதாக இருந்தது.

1989 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இப்பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசிய வள்ளியப்பா மயங்கி விழுந்தார். மார்ச் 16, 1989 அன்று தம் 66 ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்

சாகித்திய அகாதமி 1955 ஆம் ஆண்டு முதல் இலக்கிய விருதுகளை வழங்கி வந்தபோதும், குழந்தை இலக்கியத்துக்கெனத் தனி விருது நெடுங்காலம் இல்லை. பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருது 2010 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது வள்ளியப்பா மறைந்து இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு ஆகும். தமிழில் அவ்விருதை முதலில் பெற்றவர் மா. கமலவேலன். வள்ளியப்பாவின் மகளும் குழந்தை எழுத்தாளருமான தேவி நாச்சியப்பன் 2019 ஆம் ஆண்டில் இவ்விருதைப் பெற்றார்.

வள்ளியப்பாவின் பாடல்களையும் கதைகளையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டு பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. காவிரி, வைகை, குண்டாறு ஆகியவற்றை இணைக்கும் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொலைவில் ஓடும் ஆறு தம் கண்மாய்க்கு வந்து சேருமா என்பது இன்று வறண்ட வட்டாரக் குழந்தைகளின் வீடுகளிலும் பேசப்படும் செய்தியாகிவிட்டது. ஆறுகளைக் கதையாகவும் படமாகவும் சொல்லும் நூல்களின் தேவை இதனால் குறையவில்லை.

மதிப்பீடு

வள்ளியப்பாவின் பணியை மூன்று நிலைகளில் காணலாம். எழுத்தாளர் என்ற நிலையில், தமிழ்க் குழந்தை தன் மொழியிலேயே பாடி விளையாடக் கூடிய பாடல்களைப் பெருந்தொகையாகத் தந்தார். அமைப்பாளர் என்ற நிலையில், தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். நம் நதிகள் போன்ற நூலின் வழியே, தமிழ்க் குழந்தை எழுத்து பிற இந்திய மொழிகளுக்கும் செல்ல முடியும் என்று காட்டினார்.

இவருடைய பாடல்களில் சில இன்றைய குழந்தைகளின் சூழலுக்குப் பழையனவாகத் தோன்றலாம். வில்வண்டியும் மண்பானையும் இன்று எல்லாக் குழந்தைகளும் கண்டிருக்கும் பொருள்கள் அல்ல. ஆயினும் குழந்தையை ஒரு முழுமையான வாசகராக மதித்து, அதற்குப் புரியும் சொல்லில், அது வாழும் நிலத்தைப் பற்றியும் தொலைவில் உள்ள நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்ற இவருடைய நிலைப்பாடு தமிழ்க் குழந்தை இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது.

எழுதிய நூல்களுள் சில

பாடல்கள்
மலரும் உள்ளம்
சின்னஞ்சிறு பாடல்கள்
பாட்டிலே காந்தி கதை
ஈசாப் கதைப் பாடல்கள்
சுதந்திரம் பிறந்த கதை

நெடுங்கதைகள்
நீலா மாலா
நல்ல நண்பர்கள்

கட்டுரை, வரலாறு, பொது அறிவு
நம் நதிகள்
சின்னஞ்சிறு வயதில்
பிள்ளைப் பருவத்திலே
மிருகங்களுடன் மூன்று மணி